எண்ணூர் முகத்துவாரம்: நான்கு தமிழும் ஒரு வேலியும்

போன ஜூலை, 2005, ஒரு சனிக்கிழமை எண்ணூர் முகத்துவாரம் வரை போய்வந்தோம். சென்னையிலிருந்து அரை நாளில் முடித்துவிடக்கூடிய பயணம். எங்களுக்கு இருட்டும் வரை ஆனது. வழியும் கட்டணமும் மட்டும் தெரிந்தால் போதும் என்பவர்கள் நேராகக் கடைசிப் பகுதிக்குப் போய்விடலாம். ஆனால் குழுவாகப் போகிற எண்ணம் இருந்தால் முழுவதையும் படித்துவிடுங்கள்.

போனது நான்கு பேர். நான், என் கணவர் பிரபு, என் தம்பி மனைவி வாசுகி, வாசுகியின் அப்பா சிவஞானம். நான் பொள்ளாச்சிக்காரி, சென்னைக்கு வந்து ஏழு வருடம் ஆகிறது. பிரபு திண்டுக்கல். வாசுகி யாழ்ப்பாணத்தில் பிறந்து பத்தொன்பது வயதில் லண்டன் போனவள். என் தம்பியை அங்கேதான் சந்தித்தாள். அவள் அப்பா ஒரு வருடமாகத் திருச்சியில் உறவினர் வீட்டில் இருக்கிறார். மகளோடு லண்டனில் கொஞ்ச நாள் இருந்துவர விசாவுக்கு விண்ணப்பித்திருந்தார். அந்த நேர்காணலுக்காக இருவரும் எங்கள் மாம்பலம் வீட்டில் வந்து தங்கியிருந்தார்கள். பதினோரு வருடம் கழித்து ஒருவரையொருவர் பார்க்கிறார்கள்.

அத்தனை வருடம் கழித்துப் பார்க்கிறவர்கள் விடிய விடியப் பேசுவார்கள் என்று நான் நினைத்திருந்தேன். நடந்தது வேறு. வாசுகி காலையும் மாலையும் அவரை எதிரில் உட்காரவைத்து நேர்காணலுக்குப் பயிற்சி கொடுப்பாள். எதற்குப் போகிறீர்கள், எத்தனை நாள் இருப்பீர்கள், திரும்பி வருவீர்களா என்று கேட்பாள். எல்லாவற்றுக்கும் அவர், ஆமாம் என்பதுபோல், “ஓம் பிள்ளை” என்பார். அவள் குரல் ஏறும். அவர் எழுந்து ஜன்னலுக்குப் போய்த் தெருவைப் பார்ப்பார். உட்கார மாட்டார், ஜன்னலுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருப்பார். வெள்ளிக்கிழமை இரவு அவள் என்னிடம் வந்து, “மச்சாள், இந்த வீட்டுக்குள்ள இனி ஒரு நாள் இருந்தா எனக்கு விசர் வந்திடும். எங்கயாவது போவம்” என்றாள். (நாத்தனாரை அவர்கள் மச்சாள் என்பார்கள். முதல் முறை கேட்டபோது நான் திரும்பியே பார்க்கவில்லை.)

எங்கே போகலாம் என்று அவரிடம் கேட்டேன். மெரினா, மகாபலிபுரம் என்று நான் அடுக்கியதற்கெல்லாம் தலையாட்டினார். கடைசியில், “வேலை நடக்கிற கடல் ஏதும் இருக்கோ?” என்றார். அவர் காங்கேசன்துறையில் சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்தவர். புகைபோக்கியும் கப்பலும் இல்லாத கடற்கரை அவருக்குக் கடற்கரையே இல்லை போலிருக்கிறது. அப்படித்தான் ராயபுரமும் எண்ணூரும் முடிவாயின.

காலை ஏழு மணிக்கு மாம்பலத்தில் ரயில் ஏறி, கடற்கரை நிலையத்தில் வண்டி மாறி, ராயபுரத்தில் இறங்கினோம். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு நடந்தே போகலாம், இருபது நிமிடம். அந்த நேரத்தில் அங்கே நிற்க இடம் கிடையாது. ஐஸ் பெட்டி ஒரு பக்கம் இடிக்கும், கூடை ஒரு பக்கம் இடிக்கும், ஏலக்காரர் குரல் தலைக்கு மேலே ஓடும். மாமாவுக்கு (நான் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறேன்) அங்கேதான் முதல்முறையாக முகம் தெளிந்தது. ஒரு கூடைக்கு முன்னால் நின்று, “கணவாய் என்ன விலை?” என்று கேட்டார்.

மீன்காரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். “கணவாயா? அது இன்னா மீனு? இது கடம்பா. வாங்குறியா, சும்மா பார்த்துகினு கீறியா?”

மாமா சிரித்துவிட்டார். வாசுகி சிரிக்கவில்லை. கொஞ்சம் தள்ளி வந்ததும், “அப்பாவை ஏன் நீ எண்டு கதைக்கினம்?” என்று என்னிடம் கேட்டாள். இங்கே எல்லாரையும் அப்படித்தான் பேசுவார்கள், மரியாதைக் குறைவு இல்லை என்றேன். எல்லோருக்கும் ‘ங்க’ போட்டே வளர்ந்த எனக்கே அது பழக இரண்டு வருடம் ஆனது. அவளுக்கு அது ஏறவில்லை. மீன் கூடைகளைத் தாண்டி வேகமாக நடந்தாள். அப்பாவின் கையையும் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

காசிமேட்டிலிருந்து ஆட்டோ. எண்ணூர் முகத்துவாரத்துக்கு இருநூற்றைம்பது கேட்டார், இருநூறுக்கு ஒத்துக்கொண்டார். பதினாலு, பதினைந்து கிலோமீட்டர் இருக்கும். கடலை ஒட்டிய சாலை. ஆனால் கடலைவிடக் கண்டெய்னர் லாரிகளைத்தான் அதிகம் பார்ப்பீர்கள். துறைமுக வாசலுக்குக் காத்திருக்கும் லாரிகள் திருவொற்றியூர் வரை வரிசை கட்டி நின்றன. ஓட்டுநர்கள் டயர் நிழலில் சமைத்துக்கொண்டிருந்தார்கள். வலது பக்கம் அலை தடுக்கக் கொட்டிய கருங்கற்கள், அவற்றுக்கு நடுவே பாதிச் சுவரோடு நிற்கும் வீடுகள். எர்ணாவூர் பக்கம் சுனாமியில் வீடிழந்தவர்களுக்குப் போட்ட தற்காலிகக் கொட்டகைகள். அங்கே மாமா ஆட்டோவிலிருந்து தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். வாசுகி இடையிலேயே மறுபடி ஆரம்பித்தாள்: “அப்பா, லண்டனில எத்தனை நாள் நிப்பீங்கள் எண்டு கேட்டா?” அவர், “ஓம் பிள்ளை” என்றார். பிரபு முன்னால் ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஒற்றைத் தொடையில் உட்கார்ந்திருந்தார். திரும்பி என்னைப் பார்த்தார். நான் லாரிகளைப் பார்த்தேன்.

முகத்துவாரக் குப்பத்தில் இறங்கும்போது பத்தரை இருக்கும். கொற்றலை ஆறு கடலில் கலக்கிற இடம். ஒரு பக்கம் அனல் மின் நிலையப் புகைபோக்கிகள், நடுவே ஆறு, அக்கரையில் வெறும் மணல், மணல் முடிகிற இடத்தில் மறுபடி தொழிற்சாலைகள். சாம்பல் கலந்த காற்று பல்லில் நெறுநெறுவென்றிருக்கும். அழகு தேடிப் போகாதீர்கள். ஆனால் பார்த்துக்கொண்டே இருக்கத் தோன்றும் இடம்.

அக்கரைக்குப் படகு உண்டு, ஆளுக்கு ஐந்து ரூபாய். படகுக்காரர் ஏழுமலைக்கு நாற்பது வயது இருக்கும். எங்களைப் பார்த்ததுமே, “வெளியூரா? தோ, குந்து, குந்து. ஓரமா குந்தாத, தண்ணி அடிக்கும்” என்றார். குந்து என்ற சொல்லைக் கேட்டதும் மாமா வாசுகியிடம், “எங்கட சொல்லு” என்றார். காசிமேட்டுக்குப் பிறகு அவராகப் பேசியது அதுதான்.

அக்கரையில் ஒன்றரை மணி நேரம் நடந்தோம். நிழல் கிடையாது. பன்னிரண்டரைக்குத் திரும்பலாம் என்று துறைக்கு வந்தபோது, கூடையோடு ஏழெட்டுப் பெண்கள் முன்னாலேயே படகில் ஏறியிருந்தார்கள். இன்னும் மூன்று பேருக்குத்தான் இடம் என்றார் ஏழுமலை. பிரபு நிற்கிறேன் என்றார். மாமா கேட்கவில்லை. எங்கள் மூன்று பேரையும் ஏறச் சொல்லிக் கையசைத்தார். படகைத் தள்ளிக்கொண்டே ஏழுமலை அவரைப் பார்த்து, “நீ அப்பால வா பெர்சு” என்று சொல்லி, தோளுக்குப் பின்னால் கையை வீசினார். மாமா தலையாட்டினார்.

எனக்கு அதில் ஒன்றும் உறுத்தவில்லை. சென்னையில் ‘அப்பால’ என்றால் ‘அப்புறம்’ என்று எனக்குத் தெரியும். அடுத்த நடையில் வருவார் என்று நினைத்துக்கொண்டு இக்கரையில் இறங்கி மோர் வாங்கப் போனேன்.

ஏழுமலை வெறும் படகோடு அக்கரைக்குப் போனார். துறையில் யாரும் இல்லை. இரண்டு கையையும் வாயில் குவித்து எங்களைப் பார்த்துக் கத்தினார். காற்றில் ஒன்றும் புரியவில்லை. வாசுகி தண்ணீர் ஓரத்துக்கு ஓடினாள். சுனாமி வந்து ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. ஒரு மனிதரைக் காணோம் என்றதும் குப்பத்தில் இருந்தவர்கள் முதலில் கடலைத்தான் பார்த்தார்கள். இரண்டு பேர் கட்டுமரத்தை இறக்கிவிட்டார்கள். ஏழுமலை திரும்பி வந்து எங்களை ஏற்றிக்கொண்டார். ஆற்றின் நடுவில் வாசுகி எழுந்து நிற்கப் போனாள், நான் அவள் துப்பட்டாவைப் பிடித்து உட்காரவைத்தேன்.

மணலில் கால்தடம் இருந்தது. கடலுக்குள் போகவில்லை, கரையோரமாக வடக்கே போயிருந்தது. முக்கால் கிலோமீட்டர் அதன் பின்னாலேயே நடையும் ஓட்டமுமாகப் போனோம். தடம் ஒரு கம்பி வேலிக்கு முன்னால் நின்றது. எந்த வளாகத்தின் வேலி என்று எழுதப்போவதில்லை, அவர்கள் மேல் தப்பு இல்லை. வேலியை ஒட்டிப் போனால் வாசல். வாசலில் துப்பாக்கியோடு ஒரு காவலர். அவருக்கு முன்னால் மாமா, இரண்டு கையையும் தோள் உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு நின்றிருந்தார்.

யாரும் அவரைக் கையைத் தூக்கச் சொல்லவில்லை. அந்தக் காவலர் வடக்கத்தி இளைஞர், இந்தியில் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். துப்பாக்கி தோளிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. மாமா அதற்கு ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொன்னார். “மாத்தையா, மாத்தையா” என்று தொடங்கி எனக்குப் புரியாத மொழியில் வார்த்தைகள். ஒரு கையில் இலங்கை அடையாள அட்டை.

வாசுகி ஓடிப்போய், “அப்பா!” என்றாள். அவர் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. “அப்பா, நான் வாசுகி. தமிழில கதையுங்கோ.” அவர் காவலரைப் பார்த்தபடியே மறுபடியும் “மாத்தையா” என்றார்.

அதற்குள் உள்ளேயிருந்து அவர்களுடைய அதிகாரி வந்துவிட்டார். நெல்லூர்க்காரராம், நிறுத்தி நிறுத்தித் தமிழ் பேசினார். “யாரு இவர்?”

இந்த இடத்தில்தான் நாங்கள் நால்வரும் சேர்ந்து காரியத்தைக் கெடுத்தோம். ஏழுமலை முந்திக்கொண்டு, “நம்ம மாமா சார். பாவம், காதும் கேக்காது, வாயும் பேச வராது” என்றார். அதே நேரம் பிரபு ஆங்கிலத்தில், இவர் வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணி என்று ஆரம்பித்தார். நான், “எங்க சொந்தக்காரருங்க, திருச்சியிலிருந்து வந்திருக்காருங்க” என்றேன். வாசுகி, “இவர் என்ர அப்பா, சேர். பயத்தில சிங்களத்தில கதைக்கிறார்” என்றாள்.

அதிகாரி எங்கள் நான்கு பேரையும் வரிசையாகப் பார்த்தார். “வாய் பேச வராதவர், வெளிநாட்டுக்காரர், திருச்சிக்காரர்.” பிறகு வாசுகியிடம், “கதைக்கிறாரா? என்ன கதை சொல்றார்?” என்றார்.

“கதை இல்லைங்க. பேசறாருங்க. அவங்க ஊர்ல பேசறதைக் கதைக்கிறதுன்னு சொல்லுவாங்க” என்றேன். அந்த நேரத்தில் அதுவுமே ஒரு பொய் போலத்தான் கேட்டது.

“பாஸ்போர்ட்?”

வீட்டில் இருந்தது. பிரபு ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதிகாரி கையைக் காட்டி நிறுத்தினார். “ஒருத்தர் பேசுங்க. யாராவது ஒருத்தர்.”

நாங்கள் மூன்று பேரும் வாசுகியைப் பார்த்தோம். காவல் நிலையத்தில் பெயர் ஏறினால் விசா அவ்வளவுதான் என்று எங்கள் எல்லோருக்குமே தெரியும். அவள் மெதுவாக, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவே நிறுத்தி, உள்ளதைச் சொன்னாள். இவர் யாழ்ப்பாணம். ஒரு வருடமாகத் திருச்சியில் இருக்கிறார், போலீஸ் பதிவு இருக்கிறது. காது கேட்கும், தமிழ் தெரியும். அவர் ஊரில் துப்பாக்கியோடு நிற்கிறவனிடம் தமிழில் பேசினால் ஆபத்து. இருபது வருடம் அப்படியே பழகிவிட்டது. “அவருக்கு இது எந்த ஊர் எண்டு இப்ப ஞாபகம் இல்லை, சேர்.”

அதிகாரி காவலரிடம் இந்தியில் ஏதோ சொன்னார். அவர் துப்பாக்கியைக் கழற்றிக் காவல் அறைக்குள் வைத்துவிட்டு வெறும் கையோடு வந்தார். அதிகாரி மாமாவின் கைகளைத் தானே பிடித்து மெல்லக் கீழே இறக்கினார். பாஸ்போர்ட்டும் பதிவுத்தாளும் வரும்வரை இங்கேயே இருக்க வேண்டும், வந்ததும் பார்த்துவிட்டு அனுப்பிவிடுகிறேன் என்றார்.

பிரபு கட்டுமரத்தில் ஆற்றைக் கடந்து மாம்பலம் போய்த் திரும்ப ஐந்து மணி நேரம் ஆனது. வாசலுக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகையின் நிழலில் நாங்கள் இருந்தோம். இருந்தோம் என்பதுகூடச் சரியில்லை. வாசுகி உட்காருவாள், எழுவாள், வேலி வரை போவாள், வருவாள். நான் செல்பேசியைக் காதில் வைத்துச் சிக்னல் தேடிக்கொண்டிருந்தேன். உள்ளே லாரிகள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தன. ஒவ்வொரு லாரிக்கும் கதவு கிரீச்சென்றது, ஒவ்வொரு கிரீச்சுக்கும் மாமாவின் தோள் தூக்கிப்போட்டது. ஏழுமலை போகச் சொல்லியும் போகவில்லை. “இட்டுகினு வந்தவன் நானு. வுட்டுட்டுப் போனா வூட்ல சோறு எறங்குமா?” என்று ஒரு கல்லில் குந்திவிட்டார்.

கடைசியில் அவரே கேட்டார். “ஏன் நைனா, நான்தான் அப்பால வான்னு சொன்னேனே. நீ ஏன் நடந்த?”

மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தமிழில், அவருடைய தமிழில் சொன்னார்: “நீங்கள் அங்காலை வா எண்டு சொன்னதாத்தான் எனக்கு விளங்கினது. கையையும் அங்காலதான் காட்டினீங்கள். அங்கால வேற துறை இருக்காக்கும், படகு அங்க வரும் எண்டு நினைச்சு நடந்தன்.”

ஏழுமலைக்குப் புரியவில்லை. அங்காலை என்றால் அந்தப் பக்கம் என்று நான் சொன்னேன். அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். “அய்யே. அப்பாலன்னா பொறவு நைனா, பொறவு. பேஜாராப் போச்சே. நான் காது கேக்காதுன்னு வேற சொல்லி வெச்சேன்.”

“அது நல்ல யோசனைதான்” என்றார் மாமா. “எனக்கே அந்த நேரம் வாய் இருக்கிறது தெரியேல்ல.”

முதலில் ஏழுமலை சிரித்தார். பிறகு நானும் சிரித்தேன். வாசுகி மட்டும் சிரிக்காமல் அப்பாவுக்கு முன்னால் மணலில் வந்து உட்கார்ந்தாள். அவர் அவளிடம் தாழ்ந்த குரலில் பேசினார். நான் எழுந்து போயிருக்க வேண்டும், போகவில்லை. “நீ சொல்லித் தாற மறுமொழி எல்லாம் எனக்குப் பாடம் பிள்ளை. வீட்டில தனிய இருந்து சொல்லிப் பார்க்கிறனான். ஆனா ஒருத்தன் மேசைக்கு அங்கால இருந்து, நீ ஆர், எங்க போறாய் எண்டு கேட்டா எனக்குத் தமிழ் வரமாட்டுது. நீ கேட்டாலும் வரமாட்டுது. நீயும் அவங்களை மாதிரித்தான் கேக்கிறாய்.”

வாசுகி, “அங்க நிண்டு என்ன பார்த்தனீங்கள்? கப்பல் வந்ததோ?” என்று கேட்டாள். அவர் சொல்லத் தொடங்கினார். இரண்டு கப்பல், ஒன்று நிலக்கரி, ஒன்று வெறுமனே நங்கூரம் போட்டு நிற்கிறது. அவர் சொல்லிக்கொண்டே போனார். அவள் இடையில் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

பிரபு வரும்போது மணி ஏழாகப் போகிறது. அதிகாரி தாள்களைப் பார்த்து, தன் பதிவேட்டில் எழுதிக்கொண்டு, காவல் நிலையத்துக்கு அனுப்பாமல் விட்டுவிட்டார். கடைசிப் படகு எங்களுக்காகவே போனது. ஏழுமலை ஐந்து ரூபாய்க்கு மேல் வாங்க மறுத்துவிட்டார்.

இனி, போகிறவர்களுக்கு. கடற்கரை நிலையத்திலிருந்தோ சென்ட்ரலிலிருந்தோ கும்மிடிப்பூண்டி வண்டியில் ஏறினால் எண்ணூர் வரை முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். ஸ்டேஷனிலிருந்து முகத்துவாரத்துக்கு ஆட்டோ நாற்பது ரூபாய். காசிமேட்டையும் பார்க்க வேண்டுமானால் எட்டரை மணிக்குள் அங்கே இருங்கள், அதற்குப் பிறகு ஏலம் முடிந்துவிடும். அக்கரையில் தண்ணீர் கிடைக்காது, தொப்பி இல்லாமல் போகாதீர்கள். வடக்கே வேலி தெரிந்ததும் திரும்பிவிடுங்கள், கேமராவை வெளியே எடுக்காதீர்கள். எல்லோரும் அடையாளத்தாள் வைத்துக்கொள்ளுங்கள், வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் அதன் நகலையாவது.

இன்னொன்று, இது எந்த ஊருக்குப் போனாலும் பொருந்தும். ஒரே மொழி பேசுகிறோம் என்று நம்பி ஒரு குழு கிளம்பும்போதுதான் யாரும் எதையும் திருப்பிக் கேட்பதில்லை. இந்தி பேசுகிற ஊரில் நான் ஒவ்வொன்றையும் மூன்று முறை கேட்டு உறுதி செய்துகொள்வேன். இங்கே, எல்லாம் தமிழ்தானே என்று மோர் வாங்கப் போய்விட்டேன். பிரிகிற இடத்தில் எங்கே நிற்பது, எவ்வளவு நேரம் என்று ஒருவர் சொல்லி மற்றவர் திருப்பிச் சொல்லட்டும். யாராவது அதிகாரி கேள்வி கேட்டால் யார் பேசுவது என்பதைக் கிளம்பும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். நல்ல எண்ணத்தோடு நான்கு பேர் சொல்லும் நான்கு கதைகள் ஒரு பொய்யைவிட மோசமாகக் கேட்கின்றன.

அடுத்த புதன்கிழமை நேர்காணல். அதுவரை வாசுகி ஒரு பயிற்சிக் கேள்விகூடக் கேட்கவில்லை. ஆங்கிலத்திலேயே சமாளித்துவிடலாம் என்று முன்பு சொல்லியிருந்தவள், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டு வாங்கினாள். உள்ளே போவதற்கு முன் அந்த மொழிபெயர்ப்பாளரைத் தேடிப் பிடித்து, அப்பாவோடு இரண்டு நிமிடம் ஊர்ப் பேச்சு பேசச் சொன்னாளாம். நாங்கள் வெளியே சாலையோரத்தில் நின்றோம். வாசுகி நடைபாதையில் மேலும் கீழும் நடந்தாள், நானும் கூடவே நடந்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அவர் வெளியே வந்ததும், “என்னப்பா கேட்டவை?” என்றாள்.

“எல்லாம் கேட்டவை.”

“நீங்கள் என்ன சொன்னனீங்கள்?”

விசா கிடைத்த செய்தி இரண்டு வாரம் கழித்துத்தான் வந்தது. அன்றைக்கு எங்களுக்கு அது தெரியாது. அவர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து, வாசுகியையும் பக்கத்தில் உட்காரச் சொல்லிவிட்டு, முதல் கேள்வியிலிருந்து சொல்லத் தொடங்கினார்.